குளிர்ந்த கடலில் ஒரு மீனின் குடல்

நேயர்களுக்கு வணக்கம். மத்தியதரைக் கடலில் மிதவைக் கூண்டுகளில் வளர்க்கும் மீன்களில் முக்கியமானது கில்ட்ஹெட் சீ பிரீம். கண்களுக்கு நடுவே பொன்னிறப் பட்டை போட்ட மீன். கிரீஸ், துருக்கி, ஸ்பெயின், இத்தாலி என்று பல நாடுகளில் வளர்க்கிறார்கள். கோடையில் நன்றாகத் தின்று வளரும். தண்ணீர் சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தீவனத்தைத் தொடவே தயங்கும்.

கடலில் திரியும் சீ பிரீம் குளிர் தொடங்கியதும் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். அங்கே தண்ணீர் அவ்வளவு குளிராது. கூண்டில் இருப்பதற்கு அந்த வழி இல்லை. குளிர்காலத் தொல்லை எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து.

தண்ணீர் 12 டிகிரி என்றால் இந்த மீனின் குடலும் ஏறக்குறைய 12 டிகிரிதான். செரிமான நொதிகள் மந்தமாகின்றன. தின்றது குடலைக் கடக்க வெகுநேரம் ஆகிறது. உள்ளே வாழும் பாக்டீரியாக்களுக்கும் அதே குளிர்தான், ஆனால் எல்லாமே ஒரே அளவில் ஓய்ந்துவிடுவதில்லை. வெதுவெதுப்பில் பெருகுபவை பின்தங்கும்போது, சூடோமோனாஸ் இனத்தில் சில போன்ற குளிர் தாங்கிகள் அந்த இடத்தைப் பிடிக்கலாம். அவை தங்கள் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில், குளிரில் எளிதில் உறையாத நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொள்வதால், குளிரிலும் சவ்வு விறைப்பதில்லை. அப்புறம், மீன் பட்டினி கிடந்தால் தீவனத்தை நம்பியிருந்த பாக்டீரியாக்களும் குறைந்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் தளர்ந்திருக்கும்.

இந்த நிலையில் வருவதைத்தான் குளிர்கால நோய் என்கிறார்கள். வயிறு உப்பும், குடலில் நீர் கோக்கும், கல்லீரல் வெளிறிக் கொழுப்பேறும். நோயுற்ற மீன்களில் சூடோமோனாஸ் ஆங்குவிலிசெப்டிகா என்ற பாக்டீரியாவைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். அது மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய்க்கிருமி எதுவும் அகப்படாத மீன்களிலும் இதே கல்லீரல் கோளாறு தெரிகிறது. குளிரில் நலிந்த உடம்பில்தான் அந்தக் கிருமிக்கு வாய்ப்பு அமைகிறது.

எனவே மருந்தைவிட இலையுதிர் காலத்துத் தீவனத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். குளிர் வருமுன்பே கொழுப்பு குறைந்த, எளிதில் செரிக்கும் தீவனத்துக்கு மாற வேண்டும். வைட்டமின் சி, ஈ போதுமான அளவு இருக்க வேண்டும். மீன் தின்பதை நிறுத்திய பிறகு நல்ல தீவனம் போட்டுப் பயனில்லை. தினமும் தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்து, அது இறங்க இறங்க அளவையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கோடை அளவையே தொடர்ந்து கொட்டினால் தின்னாத தீவனம் கூண்டுக்கு அடியில் கடல்தரையில் போய்ச் சேரும். அங்கே அது அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனும் குறையும்.