நீலம் போகாத ரிவால்வர்

நேயர்களுக்கு வணக்கம். பழங்கால ரிவால்வர் சேகரிப்பு பற்றிப் பேச அழைத்தார்கள். முழுவதையும் ஒரு உரையில் அடக்க முடியாது. அதனால் எனக்குப் பைத்தியம் பிடித்த ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நூற்றைம்பது வருடம் ஆகியும் நேற்றுத்தான் ஆலையை விட்டு வெளியே வந்தது மாதிரி இருக்கும் ரிவால்வர்கள். யார் யாரைச் சுட்டார், எந்தக் கொள்ளைக்காரன் இடுப்பில் இருந்தது என்ற கதைகளை இன்று கொஞ்சம் தள்ளி வைப்போம்.

ஒரு மாடலை எடுத்துக்கொள்ளலாம். சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் 1850 முதல் 1873 வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், போதாததற்கு லண்டனில் ஒரு கிளை ஆலை வைத்து அங்கேயும் செய்தார்கள். ஆக இது அபூர்வமான துப்பாக்கியே கிடையாது. ஏலங்களில் சாதாரணமாக வந்துகொண்டே இருக்கும், பழுப்பேறி, எழுத்துகள் மழுங்கி, கைப்பிடியின் ஓரம் சிதைந்து. அபூர்வம் எது என்றால் குழலில் நீலமும், துப்பாக்கியின் உடலான சட்டத்தில் வண்ணத் திட்டுகளும், பித்தளைப் பாகங்களில் வெள்ளிப் பூச்சும், வால்நட் கைப்பிடியில் வார்னிஷும் அப்படியே நிற்கிற 1851 நேவி. அது வந்தால் விலை பல மடங்கு ஏறும், ஏலக்கூடத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரும்பு ஒன்றுதான், வயது ஒன்றுதான், மேலே இருக்கிற ஒரு மெல்லிய படலத்துக்குத்தான் அந்தக் காசு.

அதனால்தான் இந்தத் துறையில் எல்லோரும் சதவீதத்தில் பேசுகிறார்கள். "எழுபது சதவீதம் நீலம் இருக்கிறது, சட்டத்தில் பாதி வண்ணம்", இதுதான் பேச்சு. அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்கென்று ஒரு தர வரிசை வைத்திருக்கிறது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஆலைப் பூச்சு இருந்தால்தான் மிகச் சிறந்தது, 30 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே நல்ல நிலை. முதல்முறை கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். முக்கால்வாசி போன பிறகு என்ன நல்ல நிலை என்பார்கள். நிறையப் பழைய துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த முப்பது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சரி, அந்த நீலம் என்ன? சாயம் இல்லை, பெயிண்ட் இல்லை. கண்ணாடி போல மெருகேற்றிய இரும்பை, எரித்த எலும்பும் கரியும் போட்ட உலையில் வைத்துச் சூடேற்றினால் மேற்பரப்பில் மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகும், அதன் மேல் படும் வெளிச்சம் நீலமாகத் தெரியும். நீலத்தின் ஆழம் பாதிக்கு மேல் மெருகில்தான் இருக்கிறது. ஒரு தொழிலாளி தோல் சுற்றிய சக்கரத்தில் மணிக்கணக்கில் தேய்த்த பிறகுதான் உலைக்குப் போகும். இருபதாம் நூற்றாண்டில் கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் முறை பரவியது. அது உறுதியானது, மலிவானது, ஆனால் அந்தப் பழைய நீலத்தின் ஆழம் அதில் வராது, சில சமயம் செம்மையோ ஊதாவோ அடிக்கும். திருகுகளிலும் விசையிலும் இன்னொரு நீலம் உண்டு, மயில் கழுத்து மாதிரி பளீரென்று இருக்கும். அது உருகிய உப்பில் கிட்டத்தட்ட 300 டிகிரிக்குச் சூடேற்றி எடுத்தது. தொட்டுத் தொட்டே போய்விடும்.

சட்டத்தில் தெரியும் வண்ணத் திட்டுகள் இன்னும் வேடிக்கை. அவற்றை அழகுக்காகச் செய்யவில்லை. மென்மையான இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். எலும்புக் கரி, தோல் கரி நிரப்பிய பானைக்குள் பாகங்களை வைத்துச் செஞ்சூட்டில் மணிக்கணக்கில் வேக வைத்தால் இரும்பின் மேல்தோல் கரியை உறிஞ்சும். பிறகு அப்படியே தண்ணீரில் கொட்டுவார்கள். குளிரும்போது நீலம், வைக்கோல் மஞ்சள், ஊதா, சாம்பல் என்று திட்டுத்திட்டாக ஏதேதோ விழும், ஒன்றைப் போல இன்னொன்று வராது. இந்த வண்ணத்துக்குப் பெரிய எதிரி வெயில். கண்ணாடி அலமாரியில் ஜன்னல் பக்கம் பெருமையாக நிறுத்தி வைத்தவர்களின் துப்பாக்கியில், வெளிப்பக்கம் வெறும் வெள்ளிச் சாம்பலாகவும் கைப்பிடியைக் கழற்றினால் மறைந்திருந்த இடத்தில் வண்ணம் அப்படியேயும் இருக்கும். வாங்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது. மறைந்த இடமும் வெளிப்பட்ட இடமும் ஒரே மாதிரி பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் என்று ஆரம்பித்துவிட்டேன், இந்த வேலையில் பாதி அதுதான். மறுபூச்சு போட்டவர் முதலில் துருவையும் குழிகளையும் தேய்த்து எடுத்திருப்பார். தேய்த்த இடத்தில் முனைகள் உருண்டிருக்கும், திருகுத் துளைகளின் வாய் லேசாகக் குழிந்திருக்கும், முத்திரை எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும். 1851 நேவியில் குண்டு நிரப்பும் உருளையான சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உண்டு, டெக்ஸஸ் கப்பற்படை மெக்ஸிகோ கப்பல்களோடு மோதியது, 16 மே 1843 என்ற தேதியும் அதிலேயே இருக்கும். செதுக்கியவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி. ரூபாய் நோட்டு மாதிரியான அச்சுத் தகடுகள் செதுக்குகிற ஆள் அவர், அதனால் கோடுகள் அவ்வளவு நுணுக்கம், ஆழமும் ரொம்பக் குறைவு. சிலிண்டர் நீலமாக இருந்தும் பாய்மரக் கயிறுகள் தெரியவில்லை என்றால் அந்த நீலம் பின்னால் வந்தது. இந்த ஒரு சோதனைக்கு லென்ஸ் மட்டும் போதும்.

நிக்கல் பூசியவற்றில் வேறு தடயம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் நிக்கல் ரிவால்வர்களில் சுத்தியையும் விசையையும் பெரும்பாலும் நிக்கலில் முக்காமல் வண்ணத் திட்டோடு விட்டுவிடும். அவையும் வெள்ளையாகப் பளபளத்தால் யாரோ மொத்தமாகக் கழற்றி முக்கியெடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அப்புறம் வரிசை எண். கோல்ட்டின் பழைய மாடல்களில் சட்டம், குழல், சிலிண்டர், விசைக்காப்பு, பின்பட்டை என்று பல பாகங்களில் ஒரே எண் இருக்கும், குழலைச் சட்டத்தோடு பிடிக்கும் சின்ன ஆப்பில்கூட. அந்த ஆப்புதான் எளிதில் தொலையும், அதனால் எல்லா எண்ணும் பொருந்தி ஆப்பு மட்டும் பொருந்தாத துப்பாக்கிகள் நிறைய. நான் அதை மன்னித்துவிடுவேன், ஏலக்காரர்கள் மன்னிப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்தவர்களையும் ஏமாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இந்தப் பழைய மாடல்களை நல்ல தரத்தில் நகலெடுத்து விற்கிறார்கள், உபெர்ட்டி அதில் பெரிய பெயர். நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதில் தப்பில்லை. அதன் இத்தாலிய முத்திரைகளைத் தேய்த்து, அமிலம் தடவி வயசாக்கி, ஒரு பழைய பெட்டிக்குள் வைக்கிறவன்தான் பிரச்சினை. ஆவணத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்றால், பிற்கால கோல்ட்டுகளுக்கு அது முடியும்: கோல்ட் ஆவணக் காப்பகத்துக்கு வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள், என்ன பூச்சு, குழல் நீளம் என்ன என்று கடிதம் தருவார்கள். நீலம் என்று கடிதம் சொல்லி, கையில் நிக்கல் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டு ஆலையில் பெரிய தீ விபத்து நடந்தது. அதற்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் இல்லை, அந்தத் துப்பாக்கிகளுக்குக் காகிதத்தை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இவை எப்படித் தப்பின என்று அடிக்கடி கேட்பார்கள். போருக்குப் போனது தப்பாது. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், கேப் (சுத்தி அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடித்து மிஞ்சும் உப்பு அதைவிட மோசம், ஒருமுறை சுட்டுவிட்டு அன்றே கழுவவில்லை என்றால் கேப் மாட்டும் முனைகளைச் சுற்றிக் குழி விழ ஆரம்பிக்கும். ராணுவம் வேறு கைவைக்கும். 1873 மாடல் கோல்ட்டை அமெரிக்கப் படை முதலில் ஏழரை அங்குலக் குழலோடு வாங்கி, பின்னால் திரும்ப வரவழைத்து ஐந்தரையாக வெட்டி, பாகங்களை எண் பார்க்காமல் கலந்து பூட்டி அனுப்பியது. தப்பியவை பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாதவை: பரிசாக வந்து மரப்பெட்டியிலேயே தூங்கியவை, பயத்துக்கு வாங்கி மேசை இழுப்பறையில் எண்ணெய்த் துணியில் சுற்றி மறந்தவை. 1847 வாக்கர் மாடலைப் பாருங்கள். இரண்டு கிலோ கனம், மொத்தம் ஏறக்குறைய 1,100தான் செய்தார்கள், பெரும்பாலானவை மெக்ஸிகோ போருக்கான குதிரைப்படைக்குப் போய் அடிபட்டன. அதில் ஒன்று டேனிஷ் கப்பல் தலைவர் ஒருவர் கையில் பெட்டியோடு சேர்ந்தே பிழைத்தது. 2018இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் அது 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, நியாயமான கட்சிதான். 2019இல் பாரிஸில் லெஃபோஷூ என்ற பிரெஞ்சு வகை ரிவால்வர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. வயலில் கிடந்து துருவில் பாதி கரைந்தது, கைப்பிடியே இல்லை. ஓவியர் வான் கோ தன்னைச் சுட்டுக்கொண்ட துப்பாக்கியாக இருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக 1,62,500 யூரோவுக்குப் போனது. "எதுவுமே நடக்காத துப்பாக்கியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பார்கள். எதுவும் நடக்காததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சக்கரத்தில் தேய்த்தவன், உலையைப் பார்த்துக்கொண்டவன், பெயர்கூடத் தெரியாத அந்த ஆட்களின் வேலை கலப்படமில்லாமல் தெரிவது இவற்றில் மட்டும்தான். சுட்டவனின் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு என்ன செய்வது? முடிந்தவரை ஒன்றும் செய்யாமல் இருப்பது. பாலிஷ் பொடி, இரும்புக் கம்பளி, பித்தளை மினுக்கும் திரவம் எல்லாம் வீட்டிலிருந்தே வெளியே போகட்டும். கையுறை போடாமல் தொடாதீர்கள், விரல் வியர்வையின் உப்பு நீலத்தில் கைரேகையாகவே துருப்பிடிக்கும். தோல் உறையில் போட்டு வைக்கவே கூடாது, தோல் ஈரத்தையும் பதனிட்ட ரசாயனத்தையும் பிடித்து வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் பாதிக்குக் கீழே, ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் ரெனசான்ஸ் மெழுகு போதும், அதுவும் மெல்லியதாக. முக்கியமாக, சிலிண்டரைச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பூட்டும் நாக்கு உரசி அதைச் சுற்றி ஒரு கோடு போடும். அந்தக் கோடே விழாத துப்பாக்கி என்றால் சேகரிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பார்க்க வந்த விருந்தாளி சினிமாவில் பார்த்ததுபோல் கடகடவென்று சுழற்றினால் ஐந்து நொடியில் அந்தப் பெருமை போய்விடும். யார் வீட்டுத் துப்பாக்கியையும் கேட்காமல் சுற்றக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் அடிப்படை மரியாதை.

சட்ட விதிகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்தவை பொதுவாக பழம்பொருள். பிரிட்டன் 2021இல் வேறு விதி கொண்டுவந்தது, அதில் தோட்டா வகையும் கணக்கு. 1873 மாடல் கோல்ட்டை 1898க்குப் பிறகும் பல வருடம் செய்தார்கள், ஆகவே ஒரே தோற்றமுள்ள இரண்டில் ஒன்று பழம்பொருளாகவும் மற்றது உரிமம் வேண்டிய துப்பாக்கியாகவும் இருக்கும். உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம், எல்லை தாண்டிக் கொண்டுவரவும் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கோல்ட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்பேன், போலியும் போட்டியும் அதில்தான் அதிகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பத்தொன்பதாம் நூற்றாண்டு பாக்கெட் ரிவால்வர்கள் இழுப்பறையில் தூங்கியவை, நல்ல நிலையில் இன்னும் கிடைக்கின்றன. பத்து தேய்ந்ததற்குப் போடும் காசைச் சேர்த்து ஒன்று வாங்குங்கள். அதற்கு முன்னால், ஹார்ட்ஃபோர்டுப் பக்கம் போக வாய்த்தால் வாட்ஸ்வர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கோல்ட்டின் மனைவி எலிசபெத், கணவர் சேர்த்து வைத்த துப்பாக்கிகளை அதற்கு எழுதி வைத்துவிட்டு 1905இல் இறந்தார். மறுபூச்சை அடையாளம் காண நிஜ நீலம் கண்ணில் பதிந்திருக்க வேண்டும், புகைப்படத்தில் அது சிக்காது. நன்றி, வணக்கம்.