எந்த வலி, எங்கே, எப்போது?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். புற்றுநோய் உள்ளவரின் வலியை டாக்டரிடம் எப்படிச் சரியாகச் சொல்வது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

நமது மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக வலியையும் குறிக்கும் வழக்கம் 2008இல் தொடங்கியது. நர்ஸ் ஓர் அளவுகோலை நீட்டி, 0 முதல் 10 வரை எத்தனை என்று கேட்பார். 1 முதல் 3 லேசு, 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 10 கடுமை. நம் வீட்டுப் பெரியவர்களோ, "மூணுன்னு போட்டுக்கம்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன எண்ணுக்குத்தான் மருந்து கிடைக்கும். தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள்.

உண்மையான எண்ணைச் சொன்னாலும் அதோடு வேலை முடியாது. வலி எவ்வளவு என்பதை எண் காட்டும். எந்த வகை என்பதை நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும். வகை மாறினால் மருந்தும் மாறும்.

எலும்பு, தசை, தோல் வலியை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். குடைச்சலாக, கடுப்பாக இருக்கும், அசைந்தால் கூடும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் கதிர்வீச்சு நல்ல பலன் தரும். குடல், ஈரல், கணையம் போன்ற உள்ளுறுப்பு வலியை விரலால் காட்ட முடியாது. உள்ளங்கையை வயிற்றில் வைத்துத் தடவிக் காட்டுவார்கள். பிசையும், முறுக்கும். ஈரலில் கோளாறு இருக்க, வலது தோள்பட்டை வலிக்கலாம். கணைய வலி முதுகுக்குப் போகும், முன்னே குனிந்தால் சற்றுத் தணியும். தோளுக்குத் தைலம் தேய்த்தே நாளைக் கடத்திவிடாதீர்கள்.

மூன்றாவது நரம்பு வலி. இதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. எரியும், கரண்ட் அடித்ததுபோல் சுளீரென்று பாயும், மதமதக்கும், சேலை உரசினாலே தாங்காது. பக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகளுக்குப் பிறகு விரல் நுனிகளிலும் பாதங்களிலும் வரலாம். இதற்குக் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து மட்டும் பல வேளைகளில் போதாது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளையும் சேர்ப்பார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரையாயிற்றே என்று யாரோ சொல்லக் கேட்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கான மருந்து.

மலாயில் பேசும் டாக்டரிடம் "சாக்கிட்" என்பதோடு நிறுத்தினால் இந்த வேறுபாடு போய்ச் சேராது. எரிச்சலுக்குப் "பானாஸ்", மதமதப்புக்குக் "கெபாஸ்", குத்தலுக்குச் "சுச்சோக்", கரண்ட் அடிப்பதற்கு "மாச்சாம் கெனா காரான்" என்று சொல்லுங்கள்.

ஒருவருக்கே இரண்டு மூன்று வலிகள் இருக்கும். தாளில் ஆள் உருவம் வரைந்து ஒவ்வோர் இடத்துக்கும் தனி எண் போடுங்கள். படுத்திருக்கும்போது ஒன்று, எழுந்து நடக்கும்போது ஒன்று. இடுப்பெலும்பில் நோய் உள்ளவர் கட்டிலில் 2 என்பார்; கழிவறைக்குப் போக எழுந்தால் அதுவே 8.

நேரத்தையும் எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் குடிப்பவருக்கு, அடுத்த வேளை நெருங்கும்போதெல்லாம் வலி திரும்பினால், வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள். மற்ற நேரம் அடங்கியிருந்து, திடீரென ஏறி இறங்கினால் அது இடையில் வெடிக்கும் வலி. அதற்குத் தனி வேளை மருந்து உண்டு. பொதுவாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு 30 மில்லிகிராம் என்றால் 5. கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எண்ணைக் கேளுங்கள். மார்ஃபினோடு மலமிளக்கியும் வேண்டும். மலச்சிக்கல் வயிற்று வலியைப் புற்றுநோய் வலிபோலவே காட்டி ஏமாற்றும்.

மறதி நோயால் பேச இயலாதவரிடம் ஐந்தைப் பாருங்கள்: மூச்சு, முனகல், முகம், உடல் விறைப்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண்.

ஒரே ஒரு வலி உண்டு; அதை எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். புதிதாக முதுகு வலி வந்து, படுத்தால் அதிகமாகி, கால் தளர்ந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, தண்டுவடம் நெருக்கப்படலாம். அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை இருக்காதீர்கள்; அன்றே, இரவானாலும், எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள். நடை நின்றபின் சிகிச்சை கொடுத்தால், பலருக்குக் கால்கள் மீள்வதில்லை.