ரைட் சகோதரர்கள் கழுகிடம் எதைப் பார்த்தார்கள்?

வணக்கம் நண்பர்களே! ரைட் சகோதரர்கள் என்றதும் அவர்களுடைய முதல் விமானப் பயணம், 1903 டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடி என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதற்கும் நான்கு வருடம் முன்னால் அவர்களுடைய சைக்கிள் கடையில் நடந்த ஒரு விஷயம். இன்றைக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அந்தப் பக்கம் வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பறக்க ஆசைப்பட்டவர்களில் பலர் பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்றுதான் பார்த்தார்கள். அண்ணன் வில்பர் கேட்ட கேள்வி வேறு. திடீரென்று காற்று அடித்துக் கழுகை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால், அது எப்படி நிமிர்கிறது?

உற்றுப் பார்த்தால் விடை இறக்கை நுனியில் இருக்கிறது. ஒரு நுனியின் பின்விளிம்பு மேல்நோக்கி முறுகும், மற்றது கீழ்நோக்கி முறுகும். மேலே முறுகிய பக்கம் தாழும், மற்ற பக்கம் எழும்பும். தலையிலிருந்து வால் வரை உள்ள கோட்டை அச்சாக வைத்து உடம்பு உருளும், அவ்வளவுதான். 1900 மே மாதம் ஆக்டேவ் ஷனூட் என்ற பொறியாளருக்கு எழுதிய கடிதத்தில் வில்பர் இதை அழகாக விளக்கியிருக்கிறார்.

இதன் அருமை புரிய லிலியன்டாலைப் பற்றித் தெரிய வேண்டும். ஜெர்மனியில் கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானத்தில், பறந்து காட்டிய மாமனிதர். கிளைடர் சாய்ந்தால் தன் உடம்பை அங்குமிங்கும் ஆட்டித்தான் சமாளிப்பார். 1896-ல் கீழே விழுந்து இறந்துபோனார். அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. இன்ஜினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சமநிலைச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

சரி, கழுகுக்குத் தசை இருக்கிறது, முறுக்குகிறது. மரச்சட்டமும் துணியும் எப்படி முறுகும்? 1899 ஜூலையில் கடைக்கு ஒருவர் சைக்கிள் டியூப் வாங்க வந்தார். டியூப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, அது இருந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வில்பர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினார். பெட்டி முறுகிக் கொடுத்தது, ஆனால் நசுங்கிப் போகவில்லை. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகளைக் கட்டினால் அவற்றையும் இப்படியே முறுக்கலாமே! உடனே 5 அடி அகலத்தில் ஒரு பட்டம் செய்தார்கள். வில்பர் கயிறுகளை இழுத்துச் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.

அப்புறம் 1900-ல் கிளைடரைப் பறக்கவிட வட கரோலினா மாநிலத்தின் கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போனபோதும் வில்பர் பறவைகளை விடவில்லை. பிணந்தின்னிக் கழுகு இறக்கைகளை 'V' வடிவில் தூக்கி வைத்திருப்பதால் பலத்த காற்றில் தள்ளாடுகிறது, இறக்கையை மட்டமாக வைக்கும் பருந்தும் வேட்டையாடும் கழுகும் அந்த அளவுக்குத் திணறுவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்.

ஆனால் எல்லாவற்றையும் பறவையிடம் கற்க முடியவில்லை. இறக்கையை முறுக்கினால் எழும்பும் பக்கத்தில் காற்றின் இழுவையும் கூடும், அதனால் கிளைடர் தப்பான திசையில் திரும்பி மணலில் போய் விழும். இதற்கு 1902-ல் பின்பக்கம் அசையும் சுக்கான் ஒன்றைச் செங்குத்தாக வைத்தார்கள். எந்தப் பறவைக்கும் அப்படி ஒரு வால் கிடையாது.

பறவையிடம் பறக்கும் ரகசியத்தைக் கற்பது, மந்திரவாதியிடம் வித்தையைக் கற்பது போன்றது என்று தம்பி ஆர்வில் பின்னாளில் எழுதினார். விடை தெரிந்த பிறகுதான் எதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியும் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சரியான கேள்வியை எழுப்பியது கழுகுதான் என்பது என் எண்ணம்.

1906-ல் அவர்களுக்குக் கிடைத்த காப்புரிமை இன்ஜினுக்கு இல்லை, இந்தக் கட்டுப்பாட்டு முறைக்குத்தான். இன்றைய விமானங்களில் இறக்கை முழுவதும் முறுகுவதில்லை. பின்விளிம்பில், நுனிப் பக்கமாக இருக்கும் எய்லரான் என்ற பலகை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் அசைந்து அதே வேலையைச் செய்கிறது. இறக்கைக்குப் பக்கத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால், விமானம் திரும்பும்போது அதைக் கவனித்துப் பாருங்கள்.