முதல் கோரிக்கை உங்களுடையது, பன்னிரண்டாவது எங்களுடையது

நடுவர் அவர்களே, வணக்கம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கலகத்தை அதிகம் மூட்டியது தாராளவாதமா, தேசியவாதமா? தேசியவாதம்தான் என்பது எங்கள் அணி. தாராளவாதம்தான் என்று ஹங்கேரியின் பெஸ்ட் நகரத்து அச்சகக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனார் எதிரணித் தலைவர். நல்ல கதைதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

1848 மார்ச் 15, மழை நாள். ஹங்கேரி அப்போது வியன்னா அரண்மனையின் ஆட்சியில். தணிக்கை முத்திரை இல்லாமல் அச்சடிக்க முடியாது என்கிறார் அச்சக உரிமையாளர். வந்த இளைஞர்களில் ஒருவர் இயந்திரத்தின்மேல் கை வைத்து, மக்கள் பெயரால் இதை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். அப்புறம் மை காயுமுன்னே தாள்கள் தெருவுக்கு வருகின்றன. பன்னிரண்டு கோரிக்கைகள், முதலாவது பத்திரிகைச் சுதந்திரம். இந்த இடத்தில்தான் அவர் உட்கார்ந்துவிட்டார். ஐயா, தாளைக் கடைசி வரி வரை படித்திருக்கக் கூடாதா? பன்னிரண்டாவது, பக்கத்துப் பிரதேசமான திரான்சில்வேனியாவை ஹங்கேரியோடு இணைக்க வேண்டும் என்பது. அங்கே பெரும்பான்மை ருமேனியர்கள், அவர்களை யார் கேட்டார்கள்?

மே மாதம் திரான்சில்வேனியாவின் பிளாஜ் ஊர் வெளியில் சுமார் 40,000 ருமேனியர்கள் கூடி, எங்களைக் கேட்காமல் இணைப்பை முடிவு செய்யாதே என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களும் பத்திரிகைச் சுதந்திரம் கேட்டார்கள், பண்ணையடிமை முறையை ஒழிக்கச் சொன்னார்கள். தாராளவாதக் கணக்குப்படி இரண்டு பேரும் ஒரே கட்சி! ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தினார்கள். செப்டம்பரில் குரோவேசிய ஆளுநர் யெலாசிச் தன் படையோடு திராவா ஆற்றைத் தாண்டி ஹங்கேரிக்குள் வந்தார். ஹங்கேரியை அடக்க வியன்னா அரண்மனைக்கு வேறென்ன வேண்டும்?

சரி, தெருவில் அப்படி, சட்டசபைக்குள் நாங்கள் கெட்டி என்பீர்கள். ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவுக்கு வாருங்கள். ராணுவச் செலவுக்கு ஒப்புதல் தரமாட்டோம் என்று 1862-இலிருந்து தாராளவாதிகள் பிரதமர் பிஸ்மார்க்கோடு மல்லுக்கட்டினார்கள், அவரோ பட்ஜெட்டே இல்லாமல் வரி வசூலித்து நாலு வருடம் செலவழித்துக்கொண்டிருந்தார். சட்டவிரோதம், சட்டவிரோதம் என்று முழங்கினார்கள். 1866 ஜூலையில் கோனிக்ராட்ஸ் போரில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது, ஒன்றுபட்ட ஜெர்மனி கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். செப்டம்பரில் புதிதாய்த் தேர்வான சபை அந்தச் செலவையெல்லாம் மன்னித்தது: ஆதரவு 230, எதிர்ப்பு 75. முழங்கியவர்களில் பலரும் ஆதரவுப் பக்கம். அடுத்த வருடம் அவர்கள் தனிக்கட்சியே கண்டார்கள், பெயர் தேசிய லிபரல் கட்சி. எந்தச் சொல்லை முன்னால் போட்டார்கள் பாருங்கள், நடுவர் அவர்களே!