சோம்பா, சூயிங்கமா? நான் சூயிங்கம் பக்கம்!

நடுவர் அவர்களே, மாட்டுங்காவுக்குத் திரண்டு வந்திருக்கும் மும்பைத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். சாப்பிட்ட பின் வாய் மணக்க நல்லது சோம்பா, சூயிங்கமா என்பது தலைப்பு. நான் சூயிங்கம் பக்கம்.

நம் பாட்டிமார் சோம்பு மென்றுதானே நன்றாக இருந்தார்கள் என்று கேட்டு எதிரணி அக்கா கைதட்டல் வாங்கினார். சரிக்கா, வெறும் சோம்போடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கே ஓட்டலில் பில்லோடு வரும் தட்டைப் பாருங்கள்: பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று சர்க்கரைப் பூச்சு போட்ட சோம்பு, பக்கத்திலேயே கற்கண்டு. பல்லைச் சொத்தையாக்கும் கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து உண்டா?

வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பக்கம் படிந்திருக்கும் படலத்திலிருந்து வருகிறது. அங்கே வாழும் பாக்டீரியா புரதத்தைச் சிதைத்து, அழுகிய முட்டை மாதிரி நாறும் கந்தக வாயுக்களை விடுகிறது. அதைக் கழுவித் தள்ளுவது எச்சில். தூக்கத்தில் எச்சில் குறைவதால்தான் காலையில் வாய் நாறுகிறது. அந்தேரி ஆபீஸ் ஏசியில் தண்ணீரை மறந்து, அரை கிளாஸ் டீயான கட்டிங் சாய் மேல் கட்டிங் சாயாகக் குடித்துவிட்டு, சாயங்காலம் லோக்கல் ரயிலில் முகத்துக்கு முகம் ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல் நிற்கிறோமே, அந்த வாய்க்கும் தேவை எச்சில்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை 20 நிமிடம் மென்றால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சோம்பை அரை நிமிடத்தில் விழுங்கிவிடுகிறோம், அப்புறம் எங்கிருந்து ஊறும்?

மின்ட் மிட்டாய்க்காக நான் வாதாட வரவில்லை. ஓட்டை போட்ட போலோவில் பெரும்பகுதி சர்க்கரை; மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுவதால் வாய் சுத்தமானது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரே சூயிங்கத்தைத் தடை செய்தது என்றார் எதிரணித் தம்பி. 1992-இல் தடை போட்டது உண்மைதான், ரயில் கதவில்கூட ஒட்டிவைத்தால் யார்தான் பொறுப்பார்கள்? ஆனால் பல்லுக்கு நல்லது செய்யும் வகைகளை 2004-இல் மருந்துக்கடை வழியாக அனுமதித்ததும் அதே சிங்கப்பூர்தான், தம்பி! ஒட்டுவது மனிதர் செய்யும் தப்பு. மென்றதைக் காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

வாங்கும்போது பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் வைத்துவிடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் தைரியமாக வாங்குங்கள், அதைக் கிருமிகளால் அமிலமாக்க முடியாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம்.