ஒரு பக்கத்துக்குப் பதினேழு ரூபாய்

வணக்கம். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தை, அதே சாய்மனைக் கதிரை, அதே காற்று. இன்றைக்கு இரண்டு புத்தகங்களைக் காட்டுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். ஒன்றுதான் கையில் இருக்கிறது. மற்றது எங்கே என்று பிறகு சொல்கிறேன். முதலில் கோபத்தைக் கொட்டித் தீர்க்க வேண்டும்.

இதோ பாருங்கள். 'ஆன் ஒஃப் கிரீன் கேபிள்ஸ்'. அட்டையில் சிவப்புத் தலைமுடியோடு சிறுமி, வைக்கோல் தொப்பி, மினுமினுக்கும் எழுத்து. இதைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். விலை 1,450 ரூபாய். மட்டக்களப்புக்கு அனுப்பக் கூரியர் செலவு 450. மொத்தம் 1,900. நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள், அது உங்களுக்குத் தெரியும். ஆகவே பொதியை உடைத்தவுடன் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். 112 பக்கம்! 1,900ஐ 112ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குப் பதினேழு ரூபாய். அதிலும் பாதிப் பக்கங்களில் பூக்கொடிப் படம்.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மூல நாவலில் 38 அத்தியாயங்கள். அதை 112 பக்கத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் வெட்டித்தான் அடக்க வேண்டும். உள்ளே நான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'சுருக்கி மீண்டும் சொல்லப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கும்போது விளம்பரத்தில் அந்த வரி இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "சின்னப் பிள்ளைகளுக்குத்தானே மேடம், இது போதும்" என்றார் அந்தத் தம்பி. போதுமாம்!

கொஞ்சம் பொறுங்கள்... பாண் வண்டி. அந்த மெட்டு முடியட்டும். பேதோவன் எழுதிய பியானோ மெட்டை நம் நாட்டில் பாண் விற்கப் பயன்படுத்துகிறோம், அதைப் பற்றி ஒரு தனி வீடியோ போட வேண்டும். சரி, போய்விட்டான்.

இந்தப் புத்தகத்தை முதலில் வாசித்தது நானல்ல, என் மருமகள், அண்ணனின் மகள். பன்னிரண்டு வயது. மழையில் நனைந்த புத்தகங்களை மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தோமே, அந்த வீடியோவில் பக்கங்களுக்கு இடையே செய்தித்தாள் வைத்த அதே பிள்ளை. ஒரே மாலையில் வாசித்து முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமி, மாத்யூ ஏன் செத்தார்?"

நான் சாதாரணமாகச் சொன்னேன், "வங்கி முறிந்தது அல்லவா, அந்த அதிர்ச்சி." அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எந்த வங்கி?"

வாங்கிப் புரட்டினேன். மாத்யூ ஒரு நாள் காலை வாசலில் விழுந்து இறந்தார், எல்லோரும் அழுதார்கள், முடிந்தது. இரண்டு வரி. வங்கியே இல்லை!

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்யூவும் மரிலாவும் வயதான அண்ணன் தங்கை, கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு தோட்டம். வேலைக்கு உதவியாக அநாதை இல்லத்திலிருந்து ஓர் ஆண் பிள்ளையைக் கேட்கிறார்கள். தவறுதலாக ஆன் வந்து சேர்கிறாள், பதினொரு வயது, வாய் ஓயாது. எல்.எம். மொன்கொமரி எழுதி 1908இல் வந்த நாவல். பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அச்சேறியது. வங்கி கடைசிக்குச் சற்று முன்னால் வருகிறது. சேமிப்பு முழுவதும் ஏபி வங்கியில். எடுத்து வேறு இடத்தில் போடலாமே என்று மரிலா நினைத்திருக்கிறாள். ஆனால் பழைய ஏபி அவர்களின் தகப்பனாருக்கு நெருங்கிய நண்பர். அவர் தலைமையில் இருக்கிற வங்கி யாருக்கும் போதும் என்கிறார் மாத்யூ. ஒரு காலையில் வாசற்படியில் பத்திரிகையோடு நிற்கிறார், முகம் சாம்பலாக. மரிலா கூப்பிடக் கூப்பிட விழுகிறார். அந்தப் பத்திரிகையில் இருந்தது ஏபி வங்கி முறிந்த செய்தி.

பதின்மூன்று வயதில் பாடசாலை நூலகத்தில் இதை வாசித்தபோது நானும் வங்கியைத் தாண்டித்தான் போனேன். மாத்யூவுக்காக அழுதேன், அவ்வளவுதான். இப்போது நாற்பத்தொன்று. இப்போது வாசித்தால் அழுகைக்கு முன்னால் வருவது அந்தப் பத்திரிகை.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரிகை வந்திருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். பெயர் வேண்டாம். அங்கிருந்த முகாமையாளர் அப்பாவிடம் படித்த பிள்ளை, அதுதான் காரணம். நிறுவனம் மூடிய செய்தி வந்த காலையில் அப்பா விழவில்லை, கடவுள் காப்பாற்றினார். பத்திரிகையை நான்காக மடித்து, தண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டார். மத்தியானம் வரை வீட்டில் ஒருவரும் அந்தப் பானையில் தண்ணீர் எடுக்கவில்லை. அம்மா கிணற்றில் அள்ளிக் குடித்தா.

இதையெல்லாம் வெட்டிவிட்டு 'சின்னப் பிள்ளைகளுக்குப் போதும்' என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வங்கி போனதால்தான் தோட்டத்தை விற்க வேண்டிய நிலை. மரிலாவுக்குக் கண்பார்வையும் மங்குகிறது. அதனால்தான் ஆன் தனக்குக் கிடைத்த புலமைப்பரிசிலை விட்டுவிட்டு ஊரில் ஆசிரியையாக நிற்கிறாள். காரணத்தை எடுத்துவிட்டால் அவள் வெறும் நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். எனக்கு நல்ல பிள்ளைகளைப் பிடிக்காது. பள்ளியில் தன்னைக் 'கரட்' என்று கூப்பிட்ட பையனின் தலையில் சிலேட்டை உடைத்த ஆனைத்தான் பிடிக்கும். சிலேட்டு இந்தப் பதிப்பில் இருக்கிறது, அந்த மட்டில் தப்பித்தார்கள்.

இன்னொரு எரிச்சலும் இருக்கிறது. இளையோர் நாவல் எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனால் எந்தக் கடையிலும் ஒரே கேள்வி: "மகளுக்கா?" முன்பெல்லாம் ஆமாம் என்று பொய் சொல்லிவிடுவேன். இப்போது "எனக்கு" என்கிறேன். மிச்சக் காசைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தருகிறார்கள். பின்னட்டையில் '9 முதல் 12 வயது' என்று போடுகிறார்களே, மருந்துப் போத்தல் மாதிரி, அதையும் எனக்குப் பிடிக்காது. 'தி அவுட்சைடர்ஸ்' எழுதிய எஸ்.இ. ஹின்டன் அதைத் தொடங்கியது பதினைந்து வயதில், புத்தகம் வந்தது 1967இல். பதினைந்து வயதுப் பிள்ளை எழுதியதை நாற்பத்தொரு வயதில் வாசிக்கிறேன், எனக்கு ஒரு வயதுக் குறைச்சலும் தெரியவில்லை. 'லிட்டில் விமன்' பற்றி இன்று பேசமாட்டேன். கதாநாயகி ஜோவை, அவளை விரும்பிய லோரிக்குக் கட்டிக்கொடுக்காத எழுத்தாளர் லூயிசா மே அல்கொட்டின் பக்கம் நான், உங்களில் பாதிப் பேர் லோரியின் பக்கம், போன தடவை பட்டது போதும்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். மற்றப் புத்தகம்! கோபத்தோடு சனிக்கிழமை பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து நகரத்துக்குப் போனேன். அங்கே ஒரு பழைய புத்தகக் கடை. பரீட்சை வினாத்தாள் கட்டுகளுக்கும் பழைய சோதிடப் புத்தகங்களுக்கும் அடியில், அட்டை இல்லாமல் ஒன்று கிடந்தது. கடைசிக்குச் சற்று முன்னால் பிரித்தேன்: ஏபி வங்கி. முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டக் கூடாது, காட்டினால் விலை ஏறும். தூசி தட்டி, உதட்டைப் பிதுக்கி, "முன்பக்கம் கிழிந்திருக்கிறதே ஐயா" என்றேன். 350 என்றார். 250 என்றேன். 280இல் நின்றது. எண்ணிப் பார்த்தேன், 298 பக்கம் மிச்சம். பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, 94 சதம்! வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முதல் ஆறு பக்கங்கள் இல்லைதான். பரவாயில்லை, மருமகளுக்கு அதை நானே சொன்னேன். ரேச்சல் லிண்ட் என்கிற அயல்வீட்டு அம்மா யன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறா. ஊரெல்லாம் விதைப்பில் இருக்கிற நாளில், பின்னேரம், மாத்யூ நல்ல உடுப்போடு வண்டி கட்டிக்கொண்டு வெளியே போகிறார். பெரும்போக விதைப்பு நடக்கிற நேரத்தில் ஒருவர் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் படுவான்கரையிலிருந்து புறப்பட்டால் நம் சனம் சும்மா விடுமா? எங்கே, எதற்கு, யாரைப் பார்க்க என்று வாழைச்சேனை வரை விசாரித்திருக்கும். பிள்ளை உடனே பிடித்துக்கொண்டாள்: "அப்போ ரேச்சல் நம் பக்கத்து வீட்டு..." நான் வாயைப் பொத்திவிட்டேன். அந்த அம்மாவும் என் வீடியோ பார்க்கிறா.

வங்கி வருகிற பக்கத்தில் என் வழக்கப்படி ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துக் கொடுத்தேன். நேரே அதற்குத் தாவுவாள் என்று நினைத்தேன். தாவவில்லை. தோழி டயானாவுக்கு ராஸ்பெரிப் பானம் என்று நினைத்து ஆன் வைனை ஊற்றிக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறாள். அதுவும் இந்த 112 பக்கத்தில் இல்லை. நேற்றிரவு தன் அறையில் தனியாகச் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. வீடியோவுக்கு ஒரு பத்து நிமிடம் தா என்று கெஞ்சினேன், தரமாட்டேன் என்றுவிட்டாள். அதனால்தான் உங்களுக்குக் காட்ட என்னிடம் இந்த மெலிந்தது மட்டும் இருக்கிறது.

பாண் வண்டி திரும்பி வருகிறான் போல. மீன் பணிஸ் முடிவதற்குள் நான் கேற்றடிக்குப் போக வேண்டும்.