பொதுச் சார்பியலுக்கு முதல் நூல் எது?

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஆறாம் படிவ மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடாகிய பொதுச் சார்பியலைத் தாமாகவே கற்க விரும்பும் ஒருவர் எந்தப் பாடநூலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வரும் பெயர் மிஸ்னர், தார்ன், வீலர் மூவரும் சேர்ந்து 1973-இல் வெளியிட்ட 'கிராவிட்டேஷன்'. ஆயிரத்து இருநூறு பக்கங்களைத் தாண்டிய அந்தக் கறுப்பு அட்டை நூல் இத்துறையின் பெருநூல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் முதல் நூலாக அதை எடுப்பவர்களில் பலர் பாதி வழியிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். புதிதாகப் படிப்பவருக்கு ஒரு தடம், ஊன்றிப் படிப்பவருக்கு இன்னொரு தடம் என நூலாசிரியர்களே பகுதிகளைப் பிரித்துக் குறியிட்டிருக்கிறார்கள். அந்தக் குறிகளை மதித்து நடப்பவரைக் காண்பதுதான் அரிது.

இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. டென்சர் (எந்த ஆயத்தொலைவில் எழுதினாலும் பொருள் மாறாத கணித உரு), வளைந்த வெளியின் வடிவியல் ஆகிய கணிதக் கருவிகளையெல்லாம் முதலில் கற்பித்து, அவற்றைக் கொண்டு, காலமும் வெளியும் இணைந்த காலவெளியைப் பொருளும் ஆற்றலும் எப்படி வளைக்கின்றன என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் புலச் சமன்பாட்டை எட்டி, அதன் பிறகே சூரியனுக்கும் கருந்துளைக்கும் வருவது ஒரு வழி. சூரியனைச் சுற்றியுள்ள காலவெளியின் வடிவம் இதுதான் என்று விடையை முதலிலேயே கொடுத்துவிட்டு, அதில் கோளும் ஒளியும் எப்படிச் செல்கின்றன என்று கணக்கிடச் சொல்லி, அந்த விடை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் விளக்குவது மற்றொரு வழி. ஜேம்ஸ் ஹார்ட்டில் 2003-இல் எழுதிய 'கிராவிட்டி' இரண்டாம் வழியில் செல்வது. புலச் சமன்பாடு அதன் பிற்பகுதியில்தான் வருகிறது. தனியாகப் படிப்பவருக்கு நான் பரிந்துரைப்பது அந்த நூலையே.

காரணத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். சூரியனின் நிறையைக் கிலோகிராமில் எழுதாமல், ஈர்ப்பு மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் கொண்டு நீளமாக மாற்றி எழுதினால் அது 1.477 கிலோமீட்டர். இந்த நீளத்தை நான்கால் பெருக்கி, சூரியனின் ஆரமாகிய 696,000 கிலோமீட்டரால் வகுத்தால், சூரியனின் விளிம்பை ஒட்டிச் செல்லும் விண்மீன் ஒளி வளையும் கோணம் ரேடியனில் கிடைக்கும். ஒரு ரேடியனுக்கு 206,265 வில்விநாடிகள் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்று மாற்றினால் விடை 1.75 வில்விநாடி. 1919 மே 29-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சொப்ராலிலும் பிரிட்டிஷ் வானியலாளர்கள் அளக்கச் சென்றது இந்தக் கோணத்தைத்தான். ஈர்ப்பையும் முடுக்கத்தையும் ஓரிடத்தில் பிரித்தறிய முடியாது என்னும் சமவலுக் கொள்கையை மட்டும் கொண்டு 1911-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்ட வழியில் சென்றால் இதில் பாதியே வரும். மறுபாதி வெளியின் வளைவிலிருந்து வருகிறது. அந்த 'நான்கு' எங்கிருந்து வந்தது என்பதை ஹார்ட்டிலின் மாணவர், டென்சர் வகையீட்டைத் தொடும் முன்பே, தம் கையால் வருவித்துவிடுகிறார். புதன் கோளின் சுற்றுப்பாதை நியூட்டனின் கணக்கைவிட நூறாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவதும் அப்படியே. நியூட்டனின் ஆற்றல் சமன்பாட்டில் இருக்கும் உறுப்புகளுடன், தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் ஒரே ஒரு புதிய உறுப்பு சேர்கிறது. அந்த ஓர் உறுப்பிலிருந்துதான் 43 பிறக்கிறது.

இன்னொரு காரணம் நம் நாட்டைச் சார்ந்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும் இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் அறிவியல் பயின்றுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு ஹார்ட்டிலின் நேரடியான நடை ஒரு தடையாக இருப்பதில்லை. அந்தோணி ஸீ 2013-இல் எழுதிய பெருநூல், நகைச்சுவையும் பக்கக் கதைகளுமாக என்னைப் போன்றவர்களுக்கு இனிய வாசிப்பு. மொழியோடும் போராடும் ஒரு மாணவருக்கு அதை நான் முதலில் கொடுக்க மாட்டேன்.

கணிதம் முதலில் வேண்டும் என்று விரும்புபவர் பெர்னார்ட் ஷுட்ஸ் 1985-இல் எழுதிய முதல்நிலைப் பாடநூலை எடுக்கலாம். வளைவுக்குள் நுழையும் முன்பே, சிறப்புச் சார்பியலின் தட்டையான காலவெளியிலேயே டென்சரைப் பழக்கிவிடுவது அவருடைய உத்தி. ஷான் கேரல் 2004-இல் வெளியிட்ட நூல் அதற்கு ஒரு படி மேலானது. அதற்கு மூலமான விரிவுரைக் குறிப்புகளை அவர் 1997 முதல் இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறார். இறக்குமதி நூலுக்குச் சில நூறு ரிங்கிட் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. டிராக் 1975-இல் வெளியிட்ட சிறுநூல் ஏறத்தாழ எழுபதே பக்கம். ஆனால் பக்கம் குறைவு என்பதற்காகப் பயிற்சிக் கணக்கில்லாத அந்த நூலில் தொடங்குவது, தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்பதாகும்.

எந்த நூலை எடுத்தாலும் முதல் சில மாதங்கள் அந்த ஒன்றோடு இருங்கள் என்று வற்புறுத்துவதற்கு, மன உறுதியைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. கூட்டல், கழித்தல் குறிகள் நூலுக்கு நூல் மாறும். காலவெளியில் தொலைவை அளக்கும் சூத்திரத்தில் ஷுட்ஸ் நேரத்திற்கு எதிர்க்குறியும் வெளிக்கு நேர்க்குறியும் இடுகிறார்; சோவியத் இயற்பியலாளர்களான லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் தம் நூலில் நேர்மாறாக இடுகிறார்கள். ஸ்டீவன் வைன்பெர்க் 1972-இல் எழுதிய நூலில் புலச் சமன்பாட்டின் வலப்பக்கமே எதிர்க்குறியோடு நிற்கும், ஏனெனில் வளைவை அவர் வரையறுக்கும் முறை வேறு. ஒரு நூலிலிருந்து பாதியையும் மற்றொன்றிலிருந்து பாதியையும் எடுத்துச் சேர்த்தால், ஈர்க்க வேண்டிய நிறை விலக்கும். இவ்விடத்தில் மட்டும் அந்தக் கறுப்பு நூலை முதல் நாளே திறக்கச் சொல்வேன். எந்த ஆசிரியர் எந்தக் குறியைக் கையாள்கிறார் என்ற அட்டவணை அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படியெடுத்து மேசைக்கு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ராபர்ட் வால்ட் 1984-இல் எழுதிய நூலும், ஹாக்கிங்கும் எல்லிஸும் 1973-இல் எழுதிய நூலும் முதுகலைக்கு உரியவை. இன்று அவற்றைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

சந்திரசேகரின் நூலைப் படிக்கலாமா என்று ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். தமிழர் அவையில் இக்கேள்வி எழாமல் போகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், நோபல் பரிசு பெற்ற அதே 1983-ஆம் ஆண்டில், கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டை அறுநூறு பக்கங்களுக்கு மேல் நூலாக்கினார். அது ஆய்வாளருக்காக எழுதப்பட்டது. பாடநூல் என்று எண்ணி வாங்கினால் முதல் அத்தியாயமே உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஹார்ட்டிலின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டு முடித்து, கேரலையும் வால்டையும் கடந்த பிறகு எடுங்கள். அப்போதும் அவர் ஒரு வரியில் தாண்டிச் செல்லும் இடங்களை நிரப்பத் தனியாக ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் தேவைப்படும்.